அரசு முடக்கம், தொகுதிச் சண்டை, உலக அரசியல்: அமெரிக்கப் பழமைவாதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 அக்டோபரில் அமெரிக்க அரசு முடங்கியதிலிருந்து ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைகள் என்று ஆளாளுக்கு ஒரே சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி ஓய்ந்துபோய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. பதில்கள் 2025 டிசம்பர் வரை நடந்தவற்றை வைத்து எழுதியவை.

குடியரசுக் கட்சின்னா எல்லாரும் ஒரே கருத்துதானே? எதுக்கு "பழமைவாதிகள்"னு தனியாப் பிரிச்சுப் பேசறீங்க?

ஒரே கருத்து என்றைக்குமே இருந்ததில்லை. வரியும் செலவும் குறைய வேண்டும் என்பவர்கள், தேவாலயத்தையும் குடும்பத்தையும் முன்னிறுத்துபவர்கள், வலுவான ராணுவம் வேண்டும் என்பவர்கள் என்ற மூன்று தரப்பையும் 1980இல் ரீகன் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார். 2016க்குப் பிறகு குடியேற்றம், இறக்குமதி, வெளிநாட்டுப் போர் மூன்றையும் சந்தேகத்தோடு பார்க்கும் "அமெரிக்காவே முதலில்" என்ற தரப்பு மேலே வந்துவிட்டது.

இவர்களைப் பிரித்துப் பார்க்க நான் கவனிப்பது ஒன்றைத்தான். அதிகாரம் யார் கையில் இருந்தாலும் அதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்கிறாரா, அல்லது எதிராளி கட்டுப்பாட்டை மதிக்காதபோது நாம் மட்டும் ஏன் மதிக்க வேண்டும் என்கிறாரா? கீழே வரும் சண்டைகளில் பாதி, இந்த இரண்டு குணங்களுக்கும் இடையில் கட்சிக்குள்ளேயே நடப்பவை.

அவ்வளவு பணக்கார நாட்டுல அரசாங்கத்தையே இழுத்து மூடறாங்களா? கஜானா காலியா?

கஜானாவில் பணம் இருக்கிறது, எடுக்க அனுமதி இல்லை. சட்டப்படி ஒதுக்கினால் ஒழிய கருவூலத்திலிருந்து காசை எடுக்கக் கூடாது என்பது அமெரிக்க அரசியலமைப்பின் விதி. அவர்களுடைய நிதியாண்டு அக்டோபர் 1ஆம் தேதி தொடங்குகிறது. அதற்குள் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேற வேண்டும். அநேகமாக எந்த வருஷமும் எல்லாம் நேரத்துக்கு நிறைவேறுவதில்லை. அதனால் பழைய அளவிலேயே சில வாரங்களுக்குச் செலவு செய்ய ஓர் இடைக்கால மசோதா போடுவார்கள். அதுவும் தோற்றால் முடக்கம்தான்.

1980க்கு முன்னால் இப்படி இடைவெளி விழுந்தபோது அலுவலகங்கள் பெரும்பாலும் வழக்கம்போல் இயங்கின. பழைய செலவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அன்றைய அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி 1980, 1981 ஆண்டுகளில் கறாராக விளக்கினார்: உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து வரும் வேலைகள் தவிர மற்றதை நிறுத்த வேண்டும். இன்று நாம் பார்க்கும் முடக்கம் ஒரு சட்டக் கருத்துரையில் பிறந்தது.

இந்தியாவுல பட்ஜெட் தோத்தா ஆட்சியே கவிழ்ந்துடும். அங்க மட்டும் ஏன் இழுபறி?

அங்கே அதிபருக்கு நான்கு வருஷம் உறுதி. நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளான பிரதிநிதிகள் அவை, செனட், அப்புறம் அதிபர் என மூன்று தரப்பும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். ஒரு மசோதா தோற்றதற்காக ஒருவரை ஒருவர் வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆட்சி கவிழாததால் அலுவலகம் மூடுகிறது.

அப்ப என்னென்ன நிக்கும்? பென்ஷன், விசா எல்லாம்?

முதியோர் ஓய்வூதியமும் மெடிகேர் மருத்துவக் காப்பீடும் தனிச் சட்டப்படி ஓடுவதால் நிற்பதில்லை. தபால் வரும். ராணுவமும் விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்களும் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வர வேண்டும். 2025இல் அப்படி வந்தவர்கள் சோர்ந்துபோய் விடுப்பு எடுக்க, 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்க உத்தரவிட்டார்கள். சுமார் 4 கோடியே 20 லட்சம் பேர் நம்பியிருக்கும் உணவு உதவித் திட்டம் நவம்பரில் தடுமாறியது. மக்களை அதிகம் உலுக்கியது அதுதான்.

குடியுரிமைத் துறை விண்ணப்பக் கட்டணத்தில் நடப்பதால் பெரும்பாலும் இயங்கியது. ஆனால் எச்-1பி வேலை விசா மனுவுக்கு முன்னால் தொழிலாளர் துறையின் சான்று வேண்டும். அந்தப் பிரிவு அக்டோபர் கடைசி வரை மூடிக் கிடந்தது. வேலை மாற நினைத்த நம் பிள்ளைகள் பலருக்குக் கை கட்டிப் போட்டதுபோல் ஆனது.

அரசாங்கம் சின்னதா இருக்கணும்னு சொல்றவங்களுக்கு முடக்கம்னா கொண்டாட்டம்தானே?

முப்பது வருஷமாக அவர்களுக்குள்ளேயே ஓயாத விவாதம் இது. ஆதரிப்பவர்கள் சொல்வது: பணத்தை ஒதுக்கும் அதிகாரம்தான் மக்கள் அவையின் வலுவான ஆயுதம் என்று அரசியலமைப்பை வடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசனே 1788இல் எழுதியிருக்கிறார், கடன் 38 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது, வழக்கமான பேச்சுவார்த்தையில் செலவு குறைந்ததே இல்லை, அந்த ஆயுதத்தை எடுக்காமல் வேறு எப்போது எடுப்பது?

எதிர்ப்பவர்கள் கணக்கைக் காட்டுகிறார்கள். 1995–96இல் பிரதிநிதிகள் அவையின் குடியரசுக் கட்சித் தலைவர் நியூட் கிங்ரிச் அதிபர் கிளின்டனோடு மோதி இரண்டு முடக்கங்கள் வந்தன, இரண்டாவது 21 நாள். மறு தேர்தலில் கிளின்டன் சுலபமாக ஜெயித்தார். 2013இல் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸ் தரப்பு ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று 16 நாள் முடக்கியது, சட்டம் அப்படியே இருந்தது. 2018–19இல் எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டு டிரம்ப் 35 நாள் நின்றார். கடைசியில் கிடைத்தது சுமார் 137 கோடி. அந்த 35 நாளில் பொருளாதாரம் 1,100 கோடி டாலரை இழந்தது, அதில் 300 கோடி திரும்ப வராது என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் கணித்தது. சம்பள மிச்சமும் கிடையாது; முடங்கிய நாட்களுக்கும் பின்னால் சம்பளம் தர வேண்டும் என்று 2019இல் சட்டமே வந்துவிட்டது.

செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல், கோவேறு கழுதையிடம் இரண்டாம் முறை உதை வாங்குவதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை என்று கென்டக்கிக்காரர் பாணியில் சொல்வார். செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் முடக்கம் அதற்குப் பயன்பட்டதாக எனக்கும் தெரியவில்லை. தொண்டர்களிடம் "கடைசி வரை போராடினோம்" என்று காட்டப் பயன்பட்டிருக்கிறது.

2025ல மூடினது ஜனநாயகக் கட்சிங்கறாங்க, இல்ல டிரம்ப்தாங்கறாங்க. யார் சொல்றது சரி?

நடந்தது இது. செப்டம்பர் 19 அன்று பிரதிநிதிகள் அவை நவம்பர் 21 வரைக்குமான இடைக்கால மசோதாவை நிறைவேற்றியது. செனட்டில் 60 வாக்கு வேண்டும், குடியரசுக் கட்சிக்கு 53தான். வருஷக் கடைசியில் காலாவதியாகும் மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டித்தால் ஆதரிக்கிறோம் என்று ஜனநாயகக் கட்சி நிபந்தனை போட்டது. 43 நாள் ஓடி, அதுவரை இருந்த 35 நாள் சாதனையும் முறிந்தது. நவம்பர் 10 அன்று ஜனநாயகத் தரப்பில் 8 பேர் மாறி வாக்களிக்க, 60க்கு 40 என்று செனட்டில் முடிந்தது. 12ஆம் தேதி டிரம்ப் கையெழுத்திட்டார். மானியம் நீளவில்லை, அதன் மேல் ஒரு வாக்கெடுப்பு நடத்துவதாக வாக்குறுதி மட்டும் கிடைத்தது.

"நிபந்தனையே இல்லாத மசோதாவை வைத்தோம், பணயம் வைத்தது அவர்கள்" என்பது பழமைவாதிகள் வாதம். 2013இல் ஒபாமா பேசியது இதே வார்த்தைகள், குரூஸ் செய்தது இப்போது ஜனநாயகக் கட்சி செய்தது. வேஷம் மாறியிருக்கிறது, வசனம் அதேதான். இன்னொன்றும் கவனியுங்கள்: செனட்டில் குடியரசுக் கட்சியிலிருந்து எதிர்த்து வாக்களித்தவர் ராண்ட் பால் ஒருவர்தான். அவர் புகார், மசோதாவில் செலவு குறையவே இல்லை என்பது.

53 பேர் பெரும்பான்மைதானே? 60 எதுக்கு? டிரம்ப் சொன்னா விதியை மாத்திட மாட்டாங்களா?

டிரம்ப் சொன்னார், பலமுறை. மாற்றவில்லை. செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 பேர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காமல் இழுத்தடிப்பதற்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். இது அரசியலமைப்பில் இல்லை, செனட் தனக்குத் தானே வைத்துக்கொண்ட விதி. நியமனங்களுக்கு 2013இல் ஜனநாயகக் கட்சியும், உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு 2017இல் குடியரசுக் கட்சியும் அதை எடுத்துவிட்டன. சாதாரணச் சட்டங்களுக்கு மட்டும் மிச்சம் இருக்கிறது.

செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவர் ஜான் தூன் அசையாததற்குக் காரணம் உண்டு. 2022 ஜனவரியில் ஜனநாயகக் கட்சி இந்த விதியைத் தளர்த்தப் பார்த்தபோது அவர்கள் கட்சியின் ஜோ மான்சினும் கிர்ஸ்டன் சினிமாவும் தடுத்தார்கள். அன்று குடியரசுக் கட்சி நிம்மதிப் பெருமூச்சு விட்டது. "நாளை அவர்கள் வந்தால் இதே விதியைத் தூக்கிப் போடத்தான் போகிறார்கள், நாமே முந்திக்கொள்வோம்" என்பது டிரம்ப் தரப்பு. முதல் பதிலில் சொன்ன இரண்டு குணங்களையும் இவ்வளவு சுத்தமாக வேறெங்கும் பார்க்க முடியாது.

முடக்கத்தைச் சாக்கா வச்சு ஆட்களையே வேலையை விட்டுத் தூக்கினாங்களாமே?

ஆமாம், இது புதுசு. வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலக இயக்குநர் ரஸ் வோட் அக்டோபரில் சுமார் 4,000 பேருக்கு ஆட்குறைப்பு நோட்டீஸ் அனுப்ப வைத்தார். நீதிமன்றம் நிறுத்தி வைத்தது, பிறகு முடக்கத்தை முடித்த சட்டமே அவற்றை ரத்து செய்தது. ராணுவத்துக்குச் சம்பளம் கொடுக்க ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய பணத்தைத் திருப்பிவிட்டார்கள். அதற்கு முன்பே, ஆகஸ்டில், 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவியை நிதியாண்டு முடியும் நேரம் பார்த்துச் செலவழிக்காமல் விட்டார்கள்.

கிங்ரிச் காலத்தில் முடக்கம் என்றால் நாடாளுமன்றம் அதிபரை நெருக்குவது. இப்போது அதிபர் மாளிகை நாடாளுமன்றத்தை நெருக்குகிறது. கைக்கு அடங்காமல் வளர்ந்த அதிகார வர்க்கத்தை அடக்க வேறு வழியில்லை என்கிறார்கள் வோட் தரப்பினர். மேடிசன் பெயரைச் சொல்லி வாதாடிய கட்சி அதே பணப் பையை அதிபரிடம் கொடுக்கலாமா என்று கட்சிக்குள்ளேயே சிலர் கேட்கிறார்கள். கேள்வி சரியானது. கேட்பவர்கள் குறைவு.

தொகுதிக் கோடு பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதானே போடுவாங்க? 2025ல எதுக்கு மறுபடி?

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் போட்டே ஆக வேண்டும். நடுவில் போடக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. 2003இல் பிரதிநிதிகள் அவையின் குடியரசுக் கட்சித் தலைவர்களில் ஒருவரான டாம் டிலேயின் முயற்சியில் டெக்சாஸ் நடுவில் போட்டது, 2006இல் உச்ச நீதிமன்றம் அதைப் பெரும்பாலும் அனுமதித்தது.

2024 தேர்தலில் குடியரசுக் கட்சி 220, எதிர்க்கட்சி 215. அதிபரின் கட்சி, ஆட்சிக் காலத்தின் நடுவில் வரும் நாடாளுமன்றத் தேர்தலில் இடங்களை இழப்பது வழக்கம். ஆகவே 2026க்கு முன்பே டெக்சாஸில் ஐந்து இடம் கூடப் பிடிக்க வரைபடத்தை மாற்றினார்கள். அங்கே மொத்தம் 38, கையில் இருந்தது 25. ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் அவையின் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கையைக் கெடுக்க இல்லினாய்ஸுக்கு ஓடினார்கள், திரும்பி வந்தார்கள், சட்டம் நிறைவேறியது. கலிபோர்னியா பதிலடியாக நவம்பர் 4 அன்று வாக்கெடுப்பு நடத்தித் தன் பங்குக்கு ஐந்து இடத்தைக் குறிவைத்தது. மிசௌரி, வட கரோலினா, ஒஹாயோ எல்லாம் வரிசையில் வந்தன.

நம்ம ஊர் தொகுதி மறுவரையறைப் பிரச்சினையும் இதுவும் ஒண்ணா?

இல்லை. நம் சண்டை மாநிலங்களுக்கு இடையே. 1971 கணக்கெடுப்போடு உறைய வைத்த எண்ணிக்கையை அவிழ்த்தால் தமிழ்நாட்டின் 39 என்ன ஆகும் என்பது. அமெரிக்காவில் அந்தப் பங்கீடு பத்தாண்டுக்கு ஒருமுறை தானாக நடக்கிறது. 2020 கணக்கில் டெக்சாஸுக்கு இரண்டு கூடியது, கலிபோர்னியாவுக்கு ஒன்று குறைந்தது. அங்கே சண்டை மாநிலத்துக்குள் கோடு எப்படி வளைகிறது என்பதில். நமக்குத் தனி ஆணையம் கோடு போடுகிறது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே போடுகிறது, அதாவது ஜெயித்த கட்சி.

கோர்ட்டு தடுக்காதா?

கட்சி லாபத்துக்காகக் கோடு வளைத்தால் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிடாது. 2019 ரூச்சோ வழக்கில் 5க்கு 4 என்று முடிவானது. அநியாயம் என்று சொல்ல அளவுகோல் இல்லை, மாநிலங்களும் நாடாளுமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். நீதிபதிகள் அரசியலில் இறங்கக் கூடாது என்ற பழமைவாத நீதிக் கொள்கைக்கு அது பொருந்தும்.

இனத்தை வைத்து வளைத்தால் வேறு கதை. டெக்சாஸ் வரைபடம் அந்தக் காரணத்துக்காகத்தான் நவம்பர் 18 அன்று தடுக்கப்பட்டது. தீர்ப்பை எழுதிய ஜெஃப்ரி பிரவுன், டிரம்ப் நியமித்த நீதிபதி. டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்து, 2026 தேர்தலுக்கு வரைபடத்தைப் பயன்படுத்த விட்டது. சிறுபான்மையினருக்கு வாய்ப்புள்ள தொகுதிகளை அமைக்கச் சொல்லும் 1965 வாக்குரிமைச் சட்டத்தின் 2ஆம் பிரிவே இன அடிப்படையில் பிரிப்பதுதானே என்று பழமைவாத வழக்கறிஞர்கள் கேட்கிறார்கள். லூசியானாவின் கலாய்ஸ் வழக்கு அதைப் பற்றியது, 2025 அக்டோபர் 15 அன்று இரண்டாம் முறையாக வாதிடப்பட்டது.

"அவங்க பண்ணலாம், நாங்க பண்ணக் கூடாதா"ன்னு கேக்கறது நியாயம்தானே?

பாதி நியாயம். இல்லினாய்ஸில் 17இல் 14 இடம் ஜனநாயகக் கட்சியிடம். 2024இல் டிரம்புக்கு அங்கே நூற்றுக்கு 43 பேருக்கு மேல் வாக்களித்தார்கள். அந்த வரைபடத்தைப் பார்த்தால் கோணல் கண்ணுக்கே தெரியும். மாசசூசெட்ஸின் 9க்கு 9ஐயும் காட்டுவார்கள். ஆனால் அங்கே குடியரசுக் கட்சியினர் மாநிலம் முழுக்கச் சீராகப் பரவியிருப்பதால் நேர்மையாகக் கோடு போட்டாலும் ஒரு தொகுதி தேறுவது கடினம். அந்த உதாரணத்தை நான் ஏற்பதில்லை.

மறு பாதிக்கு இந்தியானாவைப் பாருங்கள். 9இல் 7 ஏற்கெனவே குடியரசுக் கட்சியிடம். ஒன்பதையும் பிடிக்கும் வரைபடத்தை வெள்ளை மாளிகை கேட்டது, துணை அதிபர் வான்ஸ் நேரில் போய்ப் பேசினார், மறுப்பவர்களை உட்கட்சித் தேர்தலில் தோற்கடிப்பேன் என்றார் டிரம்ப். சில உறுப்பினர்களின் வீடுகளுக்குப் பொய்த் தகவல் கொடுத்துப் போலீஸை அனுப்பும் அளவுக்கு மிரட்டல் போனது. டிசம்பர் 11 அன்று மாநில செனட் 31க்கு 19 என்று நிராகரித்தது. மறுத்தவர்களில் 21 பேர் குடியரசுக் கட்சி. மாநில விஷயத்தில் வாஷிங்டன் கட்டளையிடக் கூடாது என்பது அவர்கள் அப்பா காலத்திலிருந்து பேசிவந்த கொள்கை. அதைத் தங்கள் கட்சியின் அதிபரிடமே சொன்னார்கள். அதற்குத் துணிச்சல் வேண்டும்.

கலிபோர்னியாவில் வேறு மாதிரி. தொகுதிக் கோடு போடும் சுயேச்சை ஆணையத்துக்காக உழைத்த குடியரசுக் கட்சியின் முன்னாள் ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்செனகர் அதை ஒதுக்கிவைப்பதை எதிர்த்தார். அதே மாநிலத்துக் குடியரசுக் கட்சி உறுப்பினர் கெவின் கைலி நடுவில் கோடு போடுவதை நாடு முழுக்கத் தடை செய்ய மசோதா கொண்டுவந்தார். பறிபோகப் போவது அவர் தொகுதியும்தான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கோடு மாத்தினா உறுதியா சீட் வந்துடுமா?

வராமலும் போகலாம். ஆதரவாளர்களை நிறையத் தொகுதிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் முன்னிலை மெலிகிறது. டெக்சாஸ் கணக்கு, 2024இல் டிரம்ப் பக்கம் வந்த தெற்கு டெக்சாஸ் ஹிஸ்பானிக் வாக்காளர்கள் அங்கேயே நிற்பார்கள் என்று நம்பிப் போட்டது.

ரீகன் கட்சின்னா ரஷ்யாவுக்குப் பரம எதிரின்னு நினைச்சோம். இப்ப ஏன் உக்ரைனைக் கை கழுவறாங்க?

ரீகனுக்கு முன்னாலும் கட்சிக்குள் இன்னொரு மரபு உண்டு. 1952இல் அதிபர் வேட்பாளர் போட்டியில் ஐசனோவரிடம் தோற்ற ராபர்ட் டாஃப்ட் நேட்டோ ஒப்பந்தத்தையே எதிர்த்து வாக்களித்தவர். பனிப்போர் அந்த மரபை அமுக்கி வைத்திருந்தது. இராக் போரின் கசப்பு அதை எழுப்பிவிட்டது. 2024 ஏப்ரலில் உக்ரைன் உதவி மசோதா பிரதிநிதிகள் அவையில் 311க்கு 112 என்று நிறைவேறியது. எதிர்த்த 112 பேருமே குடியரசுக் கட்சியினர். ஆதரித்த குடியரசுக் கட்சியினர் 101தான்.

ஆனால் இதை ஒதுங்கிப்போகும் கொள்கை என்று சொல்லிவிட முடியாது. 2025 ஜூன் 22 அன்று ஈரானின் அணுசக்தி மையங்களில் குண்டு போட்டதும் இதே அரசு. அந்த மாதம் பழமைவாத ஊடகப் பேச்சாளர் டக்கர் கார்ல்சனும் டெட் குரூஸும் ஈரான் பற்றி மணிக்கணக்கில் காரசாரமாக மோதியதைப் பார்த்தவர்களுக்குப் பிளவு எவ்வளவு ஆழம் என்று புரிந்திருக்கும். அதே மாதம் ஹேக் நகரில் நேட்டோ நாடுகள் 2035க்குள் தங்கள் உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்க ஒப்புக்கொண்டன. "பணத்தை நீங்களும் எடுங்கள்" என்பதில் மட்டும் எல்லாத் தரப்புக்கும் சந்தோஷம்.

தடையில்லா வணிகம்னு பேசினவங்கதானே? திருப்பூர் மேல 50 சதவீதம் வரி போட்டா என்ன நியாயம்?

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் ஆனது; அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக. திருப்பூர் பனியனும் இறால் ஏற்றுமதியும் அடி வாங்கின. புதிய தரப்பின் வாதம், 2001இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு மத்திய மேற்கு மாநிலங்களில் ஆலைகள் மூடியதைச் சுட்டுகிறது. அந்த வலி உண்மை. திருப்பூர் டி-சர்ட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்றுதான் விளங்கவில்லை.

பழைய தரப்பு சும்மா இல்லை. முடக்கத்தின் நடுவே, அக்டோபர் கடைசியில், டிரம்பின் உலகளாவிய வரிகளை ரத்து செய்யும் தீர்மானம் செனட்டில் 51க்கு 47 என்று நிறைவேறியது. பால், மெக்கானல், காலின்ஸ், முர்கௌஸ்கி நால்வரும் கட்சி மாறி வாக்களித்தார்கள். பிரதிநிதிகள் அவை அதை எடுக்கவே இல்லை. வரி போடும் அதிகாரம் நாடாளுமன்றத்துடையது என்று ராண்ட் பால் பேசியதை, மேலே வோட் பற்றிய பதிலோடு வைத்துப் படித்தால் ஒரே கேள்வி என்று தெரியும்.

அரசாங்கமே மூடிக் கிடந்தா வெளியுறவு எப்படி நடக்கும்? வெளிநாட்டுக்காரன் சிரிக்க மாட்டானா?

2013 முடக்கத்தின்போது ஒபாமா பாலியில் நடந்த ஆசிய–பசிபிக் உச்சி மாநாட்டுக்குப் போகும் பயணத்தையே ரத்து செய்தார். வெளியுறவுச் செயலர் ஜான் கெர்ரி போனார், ஆசியாவில் ஷி ஜின்பிங்குக்கு மேடை காலியாகக் கிடைத்தது என்று அன்று விமர்சனம் எழுந்தது. 2025இல் டிரம்ப் பயணத்தை நிறுத்தவில்லை. கோலாலம்பூர், ஜப்பான், தென்கொரியா என்று சுற்றி, அக்டோபர் 30 அன்று பூசான் நகரில் ஷியைச் சந்தித்து வரிச் சலுகை ஒப்பந்தம் பேசினார். அந்தப் பயணத்தில் அறிவித்த வரி மாற்றங்களுக்கு நாடாளுமன்ற வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. அன்றைக்குப் பிரதிநிதிகள் அவை கூடவும் இல்லை. செப்டம்பர் 19இல் கலைந்துபோன அவையை அதன் தலைவர் மைக் ஜான்சன் நவம்பர் 12 வரை வாக்கெடுப்புக்கு அழைக்கவில்லை.